தங்கத்துக்குத் தெரிந்த வழி

கிள்ளானை அடுத்த மேருவில் போய் ரெங்கசாமி வீடு எது என்று கேட்டால், “எந்த ரெங்கசாமி, நாய்க்கு மலை காட்டுறாரே, அவரா?” என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. அறுபத்திரண்டு வயது மனிதர், பழைய புரோட்டோன் சாகா காரின் முன் இருக்கையில் போர்வையை மடித்துப் போட்டு, அதில் ஒரு செவலை நாயை உட்காரவைத்து, சீட் பெல்ட்டும் மாட்டிவிட்டு, நான்கு மணி நேரம் கேமரன் மலைக்கு ஓட்டிக்கொண்டு போகிறார். அங்கே தேயிலையையும் கோஸ் தோட்டத்தையும் அதற்குச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பி வருகிறார். யாருக்குத்தான் சிரிப்பு வராது?

ஆனால் ரெங்கசாமிக்கு அது நாய் இல்லை. அதை விளங்கிக்கொள்ள அவருடைய மனைவி வீரம்மாவிலிருந்து தொடங்க வேண்டும்.

ரெங்கசாமி முப்பத்துநான்கு வருடம் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். அங்கே அவருக்குப் பெயர் ‘ஆரஞ்சு’. ஒருநாள் விளையாட்டுக்காக யாரோ, உடைந்த பெட்டியிலிருந்து உருண்ட ஒரு ஆரஞ்சுப் பழத்தை அவருடைய சாப்பாட்டுப் பையில் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தவர், குளிக்காமல்கூட மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய், துறைமுக வாசலில் காவல்காரரிடம் அந்த ஒற்றைப் பழத்தைக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்தார். பிறத்தியார் பொருள் என்றால் அவருக்கு அது நெருப்பு மாதிரி. நல்ல குணம்தான். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பார்களே, அதை அனுபவித்தது வீரம்மா.

வீரம்மா மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். ரப்பர் சூளையின் சூட்டிலேயே இருபது வருடம் நின்றவள். அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது.

“ஒரே ஒரு தடவ மலை மேல போய்ட்டு வருவோம்ங்க. குளிர்ல நடுங்கிப் பாக்கணும் எனக்கு.”

“லீவு கெடைக்கட்டும் வீரம்மா” என்பார் இவர். லீவு கிடைத்தால் ஓவர்டைம் வரும். ஓவர்டைம் இல்லாத வருடம் மகள் வாணிக்குப் பரீட்சை இருக்கும்.

இரண்டு வீடு தள்ளி இருந்தான் தம்புசாமி. கேமரன் மலையிலிருந்து கிள்ளான் பாசாருக்குக் காய்கறி ஏற்றிவரும் லோரி ஓட்டுநர். வாரத்தில் இரண்டு நாள் மேலே போய் வருவான். அவனுக்கும் ஐம்பத்தொன்பது வயது ஆகிறது. ஆனாலும் அவனுக்கு ‘அவர்’ போட எனக்கு மனசு வரவில்லை. வீரம்மாவை வாய் நிறைய அண்ணி என்பான். மலையிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு கட்டுக் கீரையோ நாலு தக்காளியோ அவள் வாசலில் வைத்துவிட்டுத்தான் தன் வீட்டுக் கதவைத் திறப்பான்.

“அண்ணே, அண்ணிய நான் ஒரு நாள் லோரில ஏத்திட்டுப் போய்க் காட்டிட்டு வரேன் லா” என்று அவன் கேட்டதும் உண்டு.

“கம்பெனி லோரில ஆள் ஏத்தக்கூடாது தம்பு. அது ரூல்” என்று சொல்லிவிட்டார் ஆரஞ்சு ரெங்கசாமி.

பிறகு வீரம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். இரண்டு வருடம் தாக்குப் பிடித்தாள். கோவிட் வருவதற்கு முந்திய வருடம், மலையைப் பார்க்காமலேயே போய்விட்டாள்.

பதினாறாம் நாள் கருமாதி. பின்பக்கத்துக் குட்டைச் சுவரில் இலை போட்டு, அவளுக்குப் பிடித்த உளுந்து வடையும் கருவாட்டுக் குழம்பும் வைத்துக் காக்காயைக் கூப்பிட்டார்கள். காக்காய் எடுத்தால்தான் வீட்டில் மற்றவர்கள் வாயில் சோறு வைக்கலாம். ஒரு காக்காய்கூட வரவில்லை. வராததற்குக் காரணம் இருந்தது. குப்பைத் தொட்டிகளில் காக்காய் பெருத்துவிட்டது என்று, நகராட்சி அனுப்பிய துப்பாக்கிக்காரர்கள் வந்து அந்த வட்டாரத்துக் காக்காய்களைச் சுட்டுவிட்டுப் போன வாரம் அது. இது வந்திருந்த எல்லோருக்கும் தெரியும். ரெங்கசாமிக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? துக்கத்தில் இருக்கிறவனிடம் காரணம் எடுபடுமா?

மணி ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. இலையில் ஈ மொய்த்தது.

“அவ எடுக்கமாட்டா” என்றார் ரெங்கசாமி. “எம்மேல கோவம். இருபத்தொம்பது வருஷம் ஏமாத்தியிருக்கேன். எடுக்கமாட்டா.”

பதினாறு நாளும் அவர் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. இனியும் சாப்பிடப் போவதில்லை என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. வாணி அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சுபாங் ஜெயாவிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் மலையிலிருந்து நேராக வந்து சேர்ந்த தம்புசாமி, பின்சந்து வழியாக உள்ளே நுழைந்தான். அவன் பின்னால் ஒரு செவலை நாய். அது முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றி எழுந்தது. வடை, குழம்பு, சோறு எல்லாவற்றையும் இலை கிழியும்வரை நக்கித் தின்றது. யாரோ விரட்டக் கை ஓங்கினார்கள்.

“அடிக்காதீங்க!” என்று தம்புசாமி கத்தினான். “காதப் பாருங்கண்ணே! அந்தக் காதப் பாருங்க! அண்ணி வந்துட்டாங்க!”

நாயின் இடது காது நடுவில் கிழிந்து இரண்டாகத் தொங்கியது. வீரம்மாவின் இடது காதும் அப்படித்தான். காப்பார் டவுனில் பேருந்துக்கு நின்றபோது மோட்டார் சைக்கிளில் வந்த திருடன் தோட்டைப் பிடித்து இழுத்ததில் கிழிந்து, கடைசிவரை சேரவே இல்லை. கூடியிருந்த பெண்கள் குலவையிடாத குறை. “வைரவர் வாகனமாச்சே, நல்லதுதான்” என்றார் பூசாரியும். ரெங்கசாமி எழுந்து போய் அந்தக் காதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வந்து இலையின் முன் உட்கார்ந்து, பதினாறு நாள் பசிக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். மதி எங்கேயும் போகவில்லை. வேண்டியிருந்தது, நம்பினார்.

அதற்குத் தங்கம் என்று பெயர் வைத்தார். கட்டிய நாளிலிருந்து வீரம்மாவை அவர் ஒருநாளும் தங்கம் என்று கூப்பிட்டதில்லை. அந்தக் கடனையும் தீர்த்துக்கொண்டார் போலும். ஒவ்வொரு வருடமும் தவறாமல் நாய் லைசென்ஸ் எடுத்து அந்த வில்லையைக் கழுத்தில் மாட்டினார். சாப்பிட உட்கார்ந்தால் முதல் பிடி தங்கத்துக்கு. கோவிட் காலத்தில் வாசலைத் தாண்ட முடியாமல் கிடந்த மாதங்களில் அவர் பேசியதெல்லாம் அதனிடம்தான்.

“நாய்கிட்ட பேசற நேரத்துக்கு எனக்கு ஒரு போன் அடிக்கலாம்லப்பா” என்று வாணி குறைபட்டாள். அவளும்கூட வீட்டுக்கு வந்தால் தங்கத்தின் கிழிந்த காதைத் தடவாமல் போனதில்லை.

ஓய்வு பெற்றதும் ரெங்கசாமி முதலில் செய்ய நினைத்தது, தங்கத்தை மலைக்குக் கூட்டிப் போவதுதான். தம்புசாமியிடம் வழி கேட்டார். அவன் முகம் போன போக்கை அவர் அன்று கவனித்திருக்க வேண்டும்.

“வேணாம்ணே. மழைக் காலம், மண்ணு சரியுது.”

மழைக் காலம் போனதும் மறுபடி கேட்டார்.

“நாய ஏண்ணே கொண்டு போறீங்க? குளிரு தாங்காது அதுக்கு.”

“நடுங்கட்டும் தம்பு. அதுக்குத்தானே போறதே” என்று ரெங்கசாமி சிரித்தார்.

முதல் தடவை, மலையின் முதல் ஊரான ரிங்லெட் வரைதான் போனார்கள். அடிவாரத்து ஊரான தாப்பாவிலிருந்து மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியதுமே தங்கம் எழுந்து நின்று மூக்கைச் சன்னல் இடுக்கில் வைத்துக்கொண்டது. வழியெல்லாம் ஓராங் அஸ்லி பழங்குடி ஆட்கள் பெட்டாய்க் காயும் தேனும் விற்றுக்கொண்டிருந்தார்கள். ரெங்கசாமி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். “இது மூங்கில் காடு. அந்தா தெரியுது பாரு, அருவி.” மேலே போய் இறங்கியதும் ஈரக் காற்று முகத்தில் அடித்தது. சட்டைக் கைகளை இறக்கி விட்டுக்கொண்டு, குனிந்து தங்கத்திடம் கேட்டார், “குளிருதா?”

அது உடம்பைச் சிலிர்த்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அடுத்த மாதம் மறுபடி போனார். சுற்றுலாக்காரர்கள் ஸ்ட்ராபெர்ரி பறிக்கும் இடமெல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கால் போன போக்கில் நடந்தார்கள். கால் போன போக்கு என்று அவர் நினைத்தார். உண்மையில் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் போனது தங்கம்தான். கடைத்தெருவுக்கு அப்பால் ஒரு மண்பாதை தோட்டங்களுக்குள் இறங்கியது. இருபக்கமும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறிக் கொட்டகைகள், கோழி எருவின் வாடை. ஒரு சின்னப் பாலத்தருகே தங்கம் பாறைக்குப் பின்னால் நுழைந்தது. அங்கே மலைத்தண்ணீர் வரும் குழாய் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. புது ஆள் யாரும் கண்டுபிடிக்க முடியாத இடம். அது வயிறு நிறையக் குடித்தது. ரெங்கசாமியும் இரு கையில் ஏந்திக் குடித்தார். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் தங்கம் தயங்காமல் இடது பக்கம் திரும்பியது. அதற்குள் பனிமூட்டம் இறங்கி, பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாமல் போகவே அவர் பிடிவாதமாகத் திருப்பி இழுத்தார். பனியில் வழி தெரியாமல் அவர் தடுமாற, கார் நின்ற இடத்துக்குச் சரியாகக் கொண்டு வந்து சேர்த்ததும் அதுதான்.

“உசுரோட இருந்தப்ப வழி தெரியாது. இப்ப அவளுக்கு எல்லா வழியும் தெரியுது தம்பு” என்று ஊருக்கு வந்து பூரித்துப்போய்ச் சொன்னார்.

தம்புசாமி குடித்துக்கொண்டிருந்த, பால் கலக்காத தே ஓவைக் கீழே வைத்தான். “இனிமே போவாதீங்கண்ணே” என்றான். “சொன்னா கேளுங்க.”

இவர் கேட்கவில்லை. மூன்றாம் தடவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலையே கிளம்பிப் போனார். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பாலம், குழாய், இடது பாதை. அதற்கப்பால் ஏற்றம். தங்கத்துக்கு ஏழு எட்டு வயது இருக்கும், அது குட்டி மாதிரி ஓடியது. ரெங்கசாமிக்கு மூச்சு வாங்கியது. “மெதுவா போம்மா, நானும் வரணும்ல” என்று கெஞ்சிக்கொண்டே ஓடினார். எதையோ காட்டத்தான் அழைத்துப் போகிறாள் என்று அவருக்கு உறுதியாகத் தோன்றியது.

பாதை ஒரு தகரக் கூரை வீட்டில் முடிந்தது. முற்றத்தில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் தொட்டியில் கேரட்டை அலசிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். தங்கம் வாரை உருவிக்கொண்டு பாய்ந்தது. பிள்ளை அழுவது மாதிரி ஒரு சத்தம் போட்டது. ஐந்து வருடத்தில் அந்தச் சத்தத்தை ரெங்கசாமி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

“ஜூலி?” என்றாள் அந்தப் பெண். கையிலிருந்த கேரட்டெல்லாம் தண்ணீரில் விழுந்தன. “ஏய், ஜூலி!” அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். நாய் அவள் முகம், கழுத்து, கை என்று நக்கித் தீர்த்தது.

ரெங்கசாமி கிட்டே போய் நின்றார்.

“இது எங்க ஜூலி, அங்கிள்! ஒங்களுக்கு எங்க கெடைச்சிச்சு?”

“இல்லம்மா. இது தங்கம். கிள்ளான்ல என் வீட்டுக்குத் தானா வந்தது.”

“கிள்ளான்லயா?” அவள் புருவத்தைச் சுருக்கினாள். “செத்துப்போச்சுன்னாரே தம்பு அண்ணன்!”

“எந்தத் தம்பு?”

“லோரி தம்பு அண்ணன்தான். எங்க காய அவருதான் கீழ ஏத்திட்டுப் போவாரு. இப்பவும் செவ்வா, சனி வராரு. இது எப்பவும் அவரு லோரில ஏறிக்கிட்டு முக்கு வரைக்கும் போய், எறங்கி ஓடியாந்துரும். ஒரு நாளு திரும்பல. அடுத்த வாரம் வந்து, தாப்பா ரோட்ல அடிபட்டுக் கெடந்துச்சு, நானே பொதைச்சுட்டேன்னு சொல்லி அழுதாரு அங்கிள். நாங்கதான் அவருக்கு ஆறுதல் சொன்னோம்.”

அவள் பெயர் மலர்விழி. உள்ளே ஓடிப்போய்க் கைப்பேசியை எடுத்து வந்து பழைய படங்களைக் காட்டினாள். ரெங்கசாமி படத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

“காது?” என்றார். “அந்தக் காது எப்படிம்மா?”

“அதுவா? குட்டில கோழிக் கூண்டு வலையில மாட்டிக் கிழிச்சுக்கிச்சு.”

அவர் அங்கே கவிழ்த்து வைத்திருந்த கூடையின் மேல் உட்கார்ந்தார். மலர்விழி தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். தேத்தண்ணீர் கொடுத்தாள், அதையும் குடித்தார். தங்கம் அடுப்படிக்குள் போய், விறகு மூலையில் கிடந்த கோணிச் சாக்கை மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது. அது அதன் பழைய இடம் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாலத்தருகே இருந்த குழாயும் இடது பாதையும் அவருக்கு இப்போது ஒவ்வொன்றாகப் புரிந்தன. வீரம்மா எதையும் காட்டவில்லை. ஒரு நாய் தன் வீட்டுக்கு வந்திருக்கிறது.

அவர் முகத்தைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, “நீங்களே வச்சுக்குங்க அங்கிள்” என்றாள். “அஞ்சு வருஷம் வளத்திருக்கீங்க. எனக்கு உசுரோட இருக்குன்னு தெரிஞ்சதே போதும்.”

நல்ல பெண். அந்த நேரத்தில் வேறு எவனாக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டு நாயை வாங்கிக்கொண்டு வந்திருப்பான். இவர் ஆரஞ்சு ரெங்கசாமி ஆயிற்றே.

“திருட்டுப் பொருள வீட்ல வச்சுக்கிட்டுப் பழக்கம் இல்லம்மா” என்றார்.

கழுத்து வாரைக் கழற்ற அடுப்படிக்குள் குனிந்தார். “தங்கம்” என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தார். அது தலையைத் தூக்கி வாலை இரண்டு தடவை தரையில் தட்டியது, எழுந்திருக்கவில்லை. ‘ஜூலி’ என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. லைசென்ஸ் வில்லையை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் இறங்கி நடந்தபோது அது படல்வரை வந்து வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. கடைக்குப் போய்த் திரும்பிவிடுவார் என்று நினைத்திருக்கும்.

தாப்பாவில் ஒரு கடையோரம் நிறுத்தி, காலையில் கட்டி எடுத்துவந்த நாசி லெமாக் சோற்றைப் பிரித்தார். முதல் பிடியை எடுத்துப் பக்கத்து இருக்கைக்கு நீட்டிய பிறகுதான் அங்கே போர்வை மட்டும் கிடப்பது தெரிந்தது. பொட்டலத்தை அப்படியே மூடிவிட்டார்.

மேருவுக்கு வந்தபோது வெயில் சாயவில்லை. தம்புசாமி வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கார் நின்றதும் முதலில் முன் இருக்கையைப் பார்த்தான். அவனிடம் வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அண்ணே, நான் திருடலண்ணே” என்றான். குழாயை மூடாமலேயே வெளியே வந்தான். “சத்தியமா லா. அன்னிக்கு அது பின்னால தூங்கிட்டு இருந்திருக்கு. தாப்பா வந்துதான் பாத்தேன். கருமாதிக்கு நேரமாச்சு, அடுத்த டிரிப்புல கொண்டு விட்டுடலாம்னு வந்துட்டேன். இங்க வந்து பாத்தா நீங்க அந்த மாதிரி ஒக்காந்திருக்கீங்க. செத்துருவீங்கன்னு பயந்துட்டேன். அது தானாத்தான் தாவித் தின்னுச்சு. காது மட்டும்தான் நான் சொன்னது.”

“மறுநாள் சொல்லியிருக்கலாம்.”

“மறுநாள் நீங்க அதுக்கு ஊட்டிக்கிட்டு இருந்தீங்க.”

“அதுக்கு மறுநாள்? அஞ்சு வருஷம் தம்பு. வாரா வாரம் அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்துட்டு வந்து என் மூஞ்சியையும் பாத்திருக்க.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் திரும்பிப்போய்க் குழாயை மூடினான்.

“நீங்க சாப்பிட்டீங்கல்ல?” என்றான் கடைசியில். “அன்னிக்கு எந்திரிச்சு வந்து சாப்பிட்டீங்கல்லண்ணே?”

வெறும் சாக்காக இருந்திருந்தால் ரெங்கசாமி அறைந்திருப்பார். அது உண்மையாக இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“அவள மேல கூட்டிட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன்டா” என்றார். முப்பது வருடப் பழக்கத்தில் அவனை ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை. “மூணு தடவ. குளிருதான்னு கேட்டேன்டா அதுகிட்ட.”

அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. வாரத்துக்கு ஒரு முறை ரெங்கசாமி வாசலில் ஒரு கட்டுக் கீரை இருக்கும். சாயங்காலம்வரை வெயிலில் கிடந்து வாடும். பிறகு குப்பை வண்டிக்குப் போகும்.

மூன்று மாதம் கழித்து வீரம்மாவின் திதி வந்தது. வாணி முதல் நாளே வந்து சமைத்தாள். உளுந்து வடை, கருவாட்டுக் குழம்பு. அதே குட்டைச் சுவரில் இலையைப் போட்டார்கள். காக்காய் சுடுகிறவர்கள் வந்து போய் வருடக்கணக்காகிவிட்டது. மின்கம்பி முழுவதும் காக்காய்தான்.

ரெங்கசாமி ஒரு தடவை கூப்பிட்டார். கம்பியிலிருந்து ஒரு காக்காய் விர்ரென்று இறங்கிச் சுவரில் உட்கார்ந்தது.

“அப்பா! அம்மா வந்துட்டாங்க!” என்றாள் வாணி.

ரெங்கசாமி இலையைப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று போய்ப் பின்கதவைத் திறந்து, இதையும் யாராவது கொண்டுவந்து விட்டார்களா என்று சந்தின் இந்த முனையையும் அந்த முனையையும் எட்டிப் பார்த்தார். ஓர் ஆளும் இல்லை. செவ்வாய்க்கிழமை, தம்புசாமியின் லோரி மலையில் இருந்தது. சாக்கடை ஓரம்வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது சுவரில் இலை மட்டும் கிடந்தது. ஒரு வடையைக் காணோம்.

“வந்துச்சாம்மா? நெசமா எடுத்துச்சா?”

“என்னப்பா, ஒங்க கண்ணு முன்னாலதானே வந்து ஒக்காந்துச்சு!”

வாணி உள்ளே போய் அவருக்கு இலை போட்டுவிட்டு வந்து கூப்பிட்டாள். “இரும்மா, மறுபடி வந்து எடுக்குதான்னு பாத்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு, ரெங்கசாமி சுவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.